செம்மண்ணும் சிலுவையும்

துன்பம் ஆன்மாவை வளர்க்கும் என்கின்றனர். பசி பொறுமையைத் தரும், நோய் பக்தியைத் தரும், இழப்பு இறைவனிடம் இட்டுச் செல்லும் என்கின்றனர். தொண்டித் துறையிலிருந்து தனுக்கோடி முனை வரை, கடலை நம்பிப் பிழைக்கும் மக்கள் வாழும் கரையெங்கும் இந்த உபதேசம் ஒலிக்கிறது. வலை கிழிந்தவனுக்கும் இதுதான் மருந்து. படகு உடைந்தவனுக்கும் இதுதான் மருந்து. கணவனைக் கடலுக்குப் பறிகொடுத்துவிட்டுக் கைக்குழந்தையுடன் கரையில் நிற்பவளுக்கும் இதுதான் மருந்து. நோய்கள் பல, மருந்து ஒன்று! அதன் விலையோ மிக மலிவு, கொடுப்பவருக்கு.

அந்த மருந்தைச் சற்றே சோதித்துப் பார்க்க விரும்புகிறோம்.

கர்மம் என்றும், தலைவிதி என்றும், முன்வினை என்றும் சொல்லி ஏழையின் வாயை அடைத்தவர்களை நாம் விட்டுவைத்ததில்லை. அந்தச் சரக்கே வேறு பெட்டியில், வேறு முத்திரையுடன், வேறு துறைமுகத்தில் வந்திறங்கும்போது மட்டும் சோதனையின்றி அனுப்பிவிடலாமா? ஒரு கடையின் கலப்படத்தைக் கண்டித்துவிட்டு அடுத்த கடையில் கண்ணை மூடிக்கொள்பவன் பகுத்தறிவாளன் அல்லன்; அவன் பக்கச்சார்பாளன்.

ஆனால், தோழர்களே, ஏளனம் செய்வது நம் நோக்கமன்று. இரவெல்லாம் கரையில் நின்று கடலையே பார்த்துக் கண் பூத்துப்போன ஒரு தாய், மாதா கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றி அதில் ஆறுதல் பெறுகிறாள் என்றால், அந்த மெழுகுவத்தியை ஊதி அணைப்பது வீரமாகாது. அவள் கையில் இருப்பது அது ஒன்றுதான். நாம் கேள்வி கேட்பது அவளையன்று. அவளுக்கு அந்த மெழுகுவத்தி ஒன்றே போதும் என்று தீர்ப்புச் சொல்பவர்களை.

அவர்களிடம் நாம் கேட்கும் கேள்விகள் மூன்று. யாருடைய துன்பம்? யார் தந்த துன்பம்? அதை நன்மை என்று கூறும் உரிமை யாருக்கு? இம்மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்தக் கரையின் வரலாற்றையே கேட்போம். வரலாறு பொய் சொல்லாது. சொல்ல வைத்தால்தான் சொல்லும்.

முத்துக்குளித்துறையின் பரதவர் கிறித்துவத்தைத் தழுவியது 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில். ஏன் தழுவினர்? சிலுவையின் துன்பத்தில் தமக்கும் பங்கு வேண்டும் என்றா? இல்லை. முத்துக்குளிக்கும் உரிமையில் போட்டி மூண்டு, உயிருக்கும் தொழிலுக்கும் இடர் சூழ்ந்த நேரத்தில், போர்த்துக்கீசியரின் கப்பல்கள் துணை நிற்கும் என்ற நம்பிக்கையில் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றனர். சவேரியார் இக்கரைக்கு வந்தது 1542-இல். அதற்கு முன்பே அவர்கள் பெயரளவில் கிறித்துவர்கள். ஆகவே இக்கரையின் மக்கள் சிலுவையண்டை சென்றது துன்பத்தைக் கற்கவன்று, துன்பத்திலிருந்து தப்ப! தொண்டியை அடுத்த நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி கச்சத்தீவில் அந்தோணியாருக்குக் கோயில் எழுப்பினார் என்பர். கடலோடிகள் அப்புனிதரிடம் வேண்டுவது என்ன? புயலை அனுப்பு, எங்கள் ஆன்மா வளரட்டும் என்றா? புயலிலிருந்து காப்பாற்று என்றுதான்! மக்களின் பக்தி அறிந்திருக்கும் உண்மையை மேடையின் உபதேசம் மறந்துவிட்டது.

அடுத்து, மண்டபத்தை அடுத்த வேதாளைக்கு வருவோம். 1549-ஆம் ஆண்டு அங்கே கொல்லப்பட்டார் அந்தோனியோ கிரிமினாலி என்ற இத்தாலியத் துறவி. சேசு சபை தன் முதல் இரத்த சாட்சி என்று அவரைப் போற்றுகிறது. படை பாய்ந்து வந்தபோது தாம் தப்பிச் செல்லாமல், பெண்களையும் குழந்தைகளையும் படகேற்றிவிடக் கரையிலேயே நின்று, ஈட்டிக்கு இரையானார். அந்த நெஞ்சுரத்தின் முன் நாமும் தலைதாழ்த்துகிறோம். அதில் நமக்குத் தயக்கமில்லை.

ஆனால், அந்தப் படை ஏன் வந்தது? அதையும் சொல்ல வேண்டுமன்றோ? இராமேசுவரம் செல்லும் யாத்திரிகரை வழிமறித்து, அகழி வெட்டி, காசு பறித்துக்கொண்டிருந்தான் வேதாளையிலிருந்த போர்த்துக்கீசியத் தளபதி. அவன் பேராசை மூட்டிய தீ அது. காசு வாங்கியவன் ஒருவன். ஈட்டி வாங்கியவர் வேறொருவர். குடிசை இழந்து ஓடிய பரதவரோ இருவரின் கணக்கிலும் இல்லாதவர். இவ்வளவையும் மூடிவைத்துவிட்டு, "துன்பத்தில் விசுவாசம் மலர்ந்தது" என்று மட்டும் எழுதினால், பேராசைக்காரத் தளபதி ஏதோ தோட்டக்காரனைப்போல் ஆகிவிடுகிறான்! துன்பத்தைப் புகழ்ந்து பாடும் பாட்டில் எப்போதும் விடுபட்டுப் போகும் அடி, அத்துன்பத்தை உண்டாக்கியவனின் பெயர்.

இப்போது ஓரியூர். தொண்டி இருக்கும் அதே திருவாடானை வட்டத்தில்தான் இருக்கிறது அந்தச் செம்மண் தலம். அருளானந்தர் என்று தமிழர் அழைக்கும் ஜான் டி பிரிட்டோவின் தலை அங்கேதான் 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் வெட்டுண்டது. அவருடைய குருதி பட்டு மண் சிவந்தது என்று நம்பி, பல சாதியினரும் பல மதத்தினரும் அம்மண்ணை முடிந்துகொண்டு செல்கின்றனர். மண் சிவக்க இரும்புத்தாது போதும், இரத்தம் வேண்டுவதில்லை என்பதை நம் இளைஞர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மனிதர் வாழ்ந்த வாழ்வை விட்டுவிட்டு அவர் விழுந்த மண்ணைப் பிடித்துக்கொள்வது நம் நாட்டுப் பழைய வழக்கம். நாம் அந்த மனிதரையே பார்ப்போம்.

லிஸ்பன் நகரில் 1647-இல் பிறந்தவர். அரச குடும்பத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். அரண்மனையை விட்டுச் சேசு சபையில் சேர்ந்தார்; மதுரை மிஷனுக்கு வந்தார்; காவியுடுத்திப் பண்டாரசாமியாக மறவர் சீமையின் கள்ளிக் காடுகளில் கால்நடையாய்த் திரிந்தார். 1686-இல் பிடிபட்டார், வதைபட்டார், இந்நாட்டில் இனி உன் மறையைப் பேசாதே என்ற ஆணையோடு விடுவிக்கப்பட்டார். பிறகு போர்த்துக்கல் சென்றார். அங்கேயே இருந்துவிடலாம், அரசவை விரும்பவும் செய்தது. மீண்டும் வந்தார். வந்தால் என்ன நேரும் என்று தெரிந்தே வந்தார். 1853-இல் திருச்சபை அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்ற பட்டமும், 1947-இல் புனிதர் பட்டமும் அளித்தது.

அவருடைய கொள்கை நமக்கு உடன்பாடில்லை. ஒரு கடவுளை அகற்றி இன்னொரு கடவுளை அமர்த்துவதற்காக உயிர்விடுவது நம் அளவுகோலில் அடங்காது. ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. அவர் பட்ட துன்பம் அவரே தேர்ந்தெடுத்த துன்பம். மாளிகையும் இருந்தது, மண்பாதையும் இருந்தது; மண்பாதையை அவர் எடுத்தார். மனச்சான்றுக்காக ஒருவன் ஏற்கும் துன்பம் அவனை உயர்த்தலாம். அவனை உயர்த்துவது துன்பமன்று, அந்தத் தேர்வு. தேர்ந்தெடுக்க வழியே இல்லாதவனிடம் போய், "நீயும் அருளானந்தரைப்போல் தாங்கிக்கொள்" என்பது எத்தகைய அறம்? நோன்பு இருப்பவனும் பட்டினி கிடப்பவனும் ஒருவரா? இருவர் வயிறும் காலிதான். ஒருவன் பொழுது சாய்ந்ததும் உண்பான். மற்றவன் பொழுது சாய்ந்தும் உண்ணான்!

அந்த வரலாற்றிலேயே நம் நெஞ்சைத் தைக்கும் இன்னொரு பகுதி உண்டு. சிறுவல்லியின் தடியத்தேவர், நோய் நீங்கி, அருளானந்தரிடம் திருமுழுக்குப் பெற விரும்பினார். அவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியை வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்க வேண்டும் என்பது நிபந்தனை; அவ்வாறே விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருத்தி கடலாயி, கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவள் சேதுபதியிடம் முறையிட்டாள், அருளானந்தர் சிறைப்பட்டார், ஓரியூருக்கு அனுப்பப்பட்டார், தலை வீழ்ந்தது.

இந்தக் கதையைச் சொல்வோர் கடலாயியை எவ்விதம் காட்டுகின்றனர்? வஞ்சம் கொண்டவளாக, புனிதரின் குருதி குடித்தவளாக! அவள் என்ன குற்றம் செய்தாள்? பலதார மணத்தை அவள் படைத்தாளா? பலருள் ஒருத்தியாக வா என்று அவளை அழைத்தபோதும் அவள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. வெளியே போ என்று சொன்னபோதும் கேட்கவில்லை. உடன்பிறந்தாராகக் கருதி ஆதரிப்பதாகத் தேவர் சொன்னார் என்பர். கணவன் ஒரே நாளில் அண்ணனாகிவிட்டால் அன்றைய மறவர் சமுதாயத்தில் அவள் நிலை என்ன? அது எத்தகைய சமுதாயம்? 1710-இல் கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடன் நெருப்பில் இறங்கிய மனைவியர் 47 பேர் என்று சேசு சபையாரின் மடல்களே கணக்குத் தருகின்றன. நாற்பத்தேழு உயிர்! அத்தகைய நாட்டில் விலக்கப்பட்ட பெண்ணின் கண்ணீர் கண்ணீராகவே எண்ணப்படவில்லை. ஆடவனின் ஆன்மா ஈடேற வேண்டும்; அதற்கான விலையைப் பெண்கள் செலுத்த வேண்டும்; பிறகு அவள் அழுதால் அது வஞ்சம், அவர் அழுதால் அது தவம்! யாருடைய துன்பம் என்று நாம் முதலில் கேட்டது இதனால்தான். ஏட்டில் ஏறும் துன்பமும் உண்டு. ஏட்டுக்கு வெளியே எரிந்து சாம்பலாகும் துன்பமும் உண்டு.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். யார் தந்த துன்பம்?

ஆண்டவன் தந்த சோதனை என்பர். புயலை வேண்டுமானால் அவன் கணக்கில் எழுதட்டும். சாதியை யார் கணக்கில் எழுதுவது? 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் டி நொபிலி பூணூலும் காவியும் தரித்து மேல்சாதியாரிடம் நெருங்கினார். பின்னர், மற்றச் சாதியாருக்கென்று பண்டாரசாமிகள் ஏற்பட்டனர். ஆண்டவன் ஒருவன், அவனுடைய ஊழியர்களோ சாதிக்கொரு வகை! 1744-இல் போப்பாண்டவரின் ஆணை வந்த பிறகும் தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக் குருமார் என்ற ஏற்பாடுதான் பிறந்தது, சமபந்தி பிறக்கவில்லை.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் மாதா கோயிலுக்கு உள்ளேயே சாதியாரைப் பிரிக்கச் சுவர் இருந்தது. 1910-இல் அச்சுவரைப் பாதிரியாரே இடித்தார். வாழ்க அந்தக் கடப்பாரை! ஆனால் இடித்ததை எதிர்த்து மேல்சாதிக் கிறித்துவர்கள் நீதிமன்றம் ஏறினர். சுவரைத் திரும்ப எழுப்பித் தரவேண்டும் என்று கேட்டனர். 1917-இல் சென்னை உயர்நீதிமன்றம் மறுத்தது. எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அயலானை உன்னைப்போல் நேசி என்று ஓதும் மறையைச் சேர்ந்தவர்கள், அயலானுக்கும் தமக்கும் இடையே செங்கல் அடுக்க உரிமை கேட்டு ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்திலேயே சுவர் எழுந்தது. உயிர்த்தெழும் நாளிலும் தனித்தனி வரிசையில்தான் எழ வேண்டும் போலும்! 2008 மார்ச்சில் விழுப்புரம் பகுதி எறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கிறித்துவர்களுக்கும் சாதிக் கிறித்துவர்களுக்கும் இடையே மூண்ட மோதல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது, இருவர் மாண்டனர்.

இவ்வளவையும் தாங்கி நிற்கும் தாழ்த்தப்பட்ட கிறித்துவனுக்கு அரசு என்ன செய்தது? 1950-இல் வந்த குடியரசுத் தலைவரின் ஆணை, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956-இல் சீக்கியரையும், 1990-இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டது. கிறித்துவனும் இசுலாமியனும் இன்றும் வெளியே நிற்கின்றனர். சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்து வாழ்ந்த ஒரு கிறித்துவ ஆதிதிராவிடத் தொழிலாளி, தன்னைப்போன்ற மற்றத் தொழிலாளருக்கு அரசு இலவசமாக அளித்த சிறு கடைப்பெட்டி தனக்கு மட்டும் இல்லையா என்று உச்சநீதிமன்றம் வரை சென்றார். 1985-இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பின்னும் அதே அளவு இழிவும் இன்னலும் தொடர்கின்றன என்பதற்குப் போதிய சான்று காட்டப்படவில்லை என்று சொல்லி மறுத்துவிட்டது நீதிமன்றம்.

ஆகா, என்ன விந்தை! கோயில் மேடை சொல்கிறது: உன் துன்பம் பெருஞ்செல்வம். நீதிமன்றம் சொல்கிறது: உன் துன்பம் போதாது, சான்று கொண்டு வா. ஒருவர் அவன் துன்பத்தைப் புகழ்கிறார். இன்னொருவர் அவன் துன்பத்தை நம்ப மறுக்கிறார். துடைக்கத்தான் ஆளில்லை! 2007-இல் இரங்கநாத் மிசுரா ஆணையம் இந்த மத வேறுபாட்டை நீக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைந்தது. ஆணையங்கள் வளர்கின்றன, ஆன்மா வளர்வதாகவும் சொல்கின்றனர், அவன் பிள்ளையின் படிப்பு மட்டும் வளரவில்லை.

துன்பம் அவ்வளவு உயர்ந்த ஆசான் என்றால், அந்தப் பள்ளியில் மேல்சாதிக் கிறித்துவர் ஏன் சேரவில்லை என்று கேட்கிறோம். சுவரின் அந்தப் பக்கம் நின்றால் ஆன்மா வளரும் என்றால், அந்தப் பக்கத்துக்காக அல்லவா அடிதடி நடந்திருக்க வேண்டும்?

இனி மூன்றாவது கேள்வி: துன்பம் நன்மை என்று சொல்லும் உரிமை யாருக்கு? இதற்கு விடை தேடிப் பெரியதொரு பயணம் போக வேண்டாம். அவர்கள் கையிலிருக்கும் நூலையே திறக்கச் சொல்லுவோம்.

அதில் யோபு என்றொருவனின் கதை இருக்கிறது. மக்களை இழந்தான், மாடுகளை இழந்தான், உடலெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்தான். நண்பர்கள் வந்தனர், வந்து விளக்கவுரை நிகழ்த்தினர். நீ பாவம் செய்திருப்பாய், இது திருத்தும் தண்டனை, பணிந்துபோ என்றனர். யோபு பணியவில்லை, நான் என்ன குற்றம் செய்தேன் என்று ஆண்டவனிடமே வழக்காடினான். கதையின் முடிவில் ஆண்டவன் கடிந்துகொள்வது யாரை? விளக்கவுரை நிகழ்த்திய நண்பர்களை! கேள்வி கேட்டவன் சரியாகப் பேசினான் என்கிறது அந்த நூல். ஆனால் இன்று மேடைகளில் பேசுவது யோபுவா, யோபுவின் நண்பர்களா? மேடைக்காரர்கள் தாமே சொல்லட்டும். இறந்த பிள்ளைகளுக்குப் பதிலாக வேறு பிள்ளைகள் பிறந்தனர் என்று அக்கதை முடிவதை நம் அறிவு ஏற்காது, இறந்தவர்கள் இறந்தவர்களே. எனினும் கேள்வி கேட்டவன் பக்கம் அந்த நூல் சாய்ந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாசரேத்தின் தச்சர் மகன் குருடனைக் கண்டபோது, இருளில் உன் அகக்கண் திறக்கும் என்று பிரசங்கம் செய்து போய்விட்டதாக எழுதப்படவில்லை. பார்வை தந்ததாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பசித்த கூட்டத்தைப் பட்டினியின் பெருமை பேசி அனுப்பவில்லை; உணவளித்ததாகத்தான் சொல்லப்படுகிறது. அற்புதங்களை நாம் நம்புவதில்லை. ஆனால் அந்தக் கதைகளின் திசை எது? துன்பத்தைக் கண்டால் நீக்கு என்ற திசை. அடிபட்டு வழியில் கிடந்தவனைக் கண்ட சமாரியன் என்ன செய்தான்? காயம் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், செலவுக்குக் காசு கொடுத்தான். பார்த்தும் பாராமல் ஒதுங்கிப் போனவர்களில் ஒருவன் குரு. அதை எழுதிவைத்தவர்களும் கிறித்துவர்களே!

துன்பம் பொறுமையை வளர்க்கும், பொறுமை பண்பை வளர்க்கும், பண்பு நம்பிக்கையை வளர்க்கும் என்று பவுல் படிப்படியாக எழுதினார் என்று எடுத்துக்காட்டுவர். எழுதினார். யார் அவர்? சவுக்கடியும் சிறையும் கல்லடியும் கண்டவர். தம் முதுகின் தழும்பைக் காட்டித் தம் தோழர்க்குச் சொன்னார். தழும்புள்ளவன் தன் தழும்பைப் பற்றிப் பேசலாம். தழும்பே இல்லாத முதுகை மெத்தை நாற்காலியில் சாய்த்துக்கொண்டு அடுத்தவன் தழும்புக்கு அழகு பார்ப்பதுதான் ஆகாது. மூன்றாவது கேள்விக்கு விடை இதுவே: தன் துன்பத்துக்குப் பொருள் கூறும் உரிமை அதைப் பட்டவனுக்கு மட்டுமே உண்டு. பிறர்க்கு உள்ளது உரிமையன்று. அதைத் துடைக்கும் கடமை.

"அப்படியானால் துன்பத்தால் மனிதன் வளர்வதே இல்லையா? எத்தனையோ பேர் அடிபட்டுத் தெளிவு பெறவில்லையா?" என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி, நேர்மையாகவே விடை தருவோம். பேரிடரைக் கடந்தவர்களுள் சிலர், வாழ்வின் அருமை புரிந்தது, உறவுகள் நெருங்கின, உள்ளம் உறுதிப்பட்டது என்று கூறுவதை உளவியலார் ஆராய்ந்திருக்கின்றனர். அமெரிக்காவின் டெடெஸ்கி, கால்ஹூன் என்ற இரு அறிஞர்கள் 1996-இல் அவ்வளர்ச்சியை அளக்க ஒரு கேள்விப் பட்டியலே வகுத்தனர். ஆனால் அவர்கள் சொல்வது என்ன? வளர்ச்சி தருவது பேரிடரே அன்று; பேரிடருக்குப் பின் மனிதன் நடத்தும் போராட்டம். செவிசாய்த்துக் கேட்கும் மனிதர்கள் அருகிலிருந்தால் அந்தப் போராட்டம் எளிதாகிறது. நொறுங்கிப் போனவர்களும் உண்டு. நொறுங்கியவன் மேடையேறிச் சாட்சி சொல்வதில்லை. நீந்திக் கரையேறியவன் கடலுக்கு நன்றி சொல்லலாம். மூழ்கியவனிடம் யார் கேட்பது?

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுக்கோடியைக் கடல் விழுங்கியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த இரயில் நூற்றுக்கு மேற்பட்டோருடன் அலைக்குள் போயிற்று. கூரையிழந்த மாதா கோயிலின் சுவர்கள் இன்றும் மணலில் நிற்கின்றன. ஆண்டவன் தன் வீட்டையே காத்துக்கொள்ளவில்லை என்று நாம் எள்ளப் போவதில்லை. பக்கத்திலே பிள்ளையார் கோயிலும் போயிற்று, பள்ளிக்கூடமும் போயிற்று. அந்த இடிபாடு கற்பிக்கும் பாடம் ஒன்றே: புயலுக்கு மதமில்லை, ஆகவே புயலுக்கு எதிரான காப்பும் மதம் பார்க்காத காப்பாக, அறிவின் காப்பாக இருக்க வேண்டும். எச்சரிக்கை, தொலைத்தொடர்பு, தங்குமிடம், மீட்புப் படகு — இவையே அந்தக் காப்பு.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது குமரிக் கடலோரத்தின் கிறித்துவ மீனவர்கள் பெருந்தொகையாய் மாண்டனர், காணாமற் போயினர். எச்சரிக்கை உரிய நேரத்தில் எட்டவில்லை, தேடுதல் விரைவாக இல்லை என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அப்போது அவர்கள் கோயிலில் மட்டும் முழந்தாளிடவில்லை. குழித்துறை இரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் அமர்ந்து மறியல் செய்தனர். பாதிரிமாரும் அவர்களோடு நின்றனர். துன்பத்தில் வளர்ச்சி என்று ஒன்று உண்டானால், அந்தத் தண்டவாளத்தில் அதைக் கண்டோம். எங்கள் துயரம் சோதனையன்று, அநீதி என்று ஒரு மக்கள் கூட்டம் கண்டுகொண்ட கணம் அது.

தம் மறையின் வழியே நடந்து, துன்பத்தைத் தேடிப் போகாமல், நீதியைத் தேடிப் போனதால் துன்பம் வந்தடைந்த மனிதர்களும் உண்டு. நட்டாலத்து நீலகண்டபிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பாராது எல்லோருடனும் பழகினார். சிறைப்பட்டு, வதைபட்டு, 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடி மலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022-இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கும் முன்பு, அவர் பெயரின் வாலிலிருந்த சாதியை வத்திக்கான் நீக்கியது. பெயரிலிருந்து நீக்கியது நன்று. ஊரிலிருந்து நீக்குவது எப்போது?

திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-இல் பிறந்த ஸ்டேன் சுவாமியை நினையுங்கள். அருளானந்தரைப்போல் அவரும் சேசு சபைத் துறவி. ஆனால் அவர் சென்றது மதம் மாற்ற அன்று; ஜார்க்கண்டின் பழங்குடி மக்கள் தம் நிலத்தை இழக்காதிருக்கவும், விசாரணையின்றிச் சிறையில் வாடும் அவர்தம் பிள்ளைகள் வெளிவரவும் பாடுபட. 2020 அக்டோபர் 8-இல் பீமா கோரேகான் வழக்கில் அவரைப் பிடித்துச் சென்றனர். நடுக்குவாத நோயால் குவளையைப் பிடிக்க முடியாத கை. உறிஞ்சுகுழல் வேண்டும் என்று கேட்க நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. பதிலுரைக்கக் கேட்கப்பட்ட அவகாசம் 20 நாள்! 2021 சூலை 5-இல், பிணை கிடைக்காமலே, 84-ஆம் அகவையில் மாண்டார். அவர் துன்பத்தை அழகென்று சொல்வோமா? இல்லை; அது இந்நாட்டுக்கு இழிவு. அழகு, அவர் யார் பக்கம் நின்றார் என்பதிலே இருக்கிறது. கடவுளை ஏற்காத நாமும் அந்தத் துறவிக்கு வணக்கம் செலுத்துகிறோம். அவரைச் சிறையிலிட்ட சட்டத்தைத் துன்பப் பள்ளியென்று எவரேனும் புகழ்ந்தால், அவரையும் எதிர்க்கிறோம்.

ஆகவே, துன்பத்தைப் பற்றி நம் முடிவைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். பிறர் துன்பம் துடைக்கச் சென்று ஒருவன் ஏற்கும் துன்பம் மதிக்கத்தக்கது. தவிர்க்க முடியாத துன்பத்தில் ஒருவன் தேடிக்கொள்ளும் ஆறுதல் மதிக்கத்தக்கது. அவன் அதைச் செபம் என்று அழைத்தாலும் சரி. ஆனால் தவிர்க்கக்கூடிய துன்பத்தை, மனிதனே மனிதனுக்கு இழைக்கும் துன்பத்தை, ஆன்மாவுக்கு எரு என்று போற்றுவது மோசடி. அதைச் சங்கராச்சாரி சொன்னாலும் மோசடி. பேராயர் சொன்னாலும் மோசடி. மௌலவி சொன்னாலும் மோசடி.

தொண்டியின் இளைஞர்களே! ஓரியூரில் விழா நடக்கும்போது வாசலில் நின்று வம்பு வளர்க்காதீர்கள். உள்ளே வருவோர் உங்கள் உறவினர். உங்களோடு ஒரே கடலில் உப்பு நீர் குடித்தவர்கள். அவர்களோடு அமர்ந்து பேசுங்கள். யாருடைய துன்பம், யார் தந்தது, யார் அதை நன்மை என்கிறார் என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள். கேட்பதோடு நில்லாதீர்கள். படகுகளில் எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவனின் குடும்பத்துக்கு உரிய உதவிப் பணத்துக்கு மனு எழுதிக் கொடுங்கள். கல்லறையில் சுவர் இருந்தால் அதை எதிர்க்கும் கிறித்துவ இளைஞனுக்குத் தோள் கொடுங்கள். 1950-ஆம் ஆண்டு ஆணையின் அந்தப் பத்தியை நீக்கு என்ற குரலில் உங்கள் குரலையும் சேருங்கள். அந்தக் குரலுக்கு உரியவன் கோயிலுக்குப் போகிறவன் என்பதற்காக ஒதுங்காதீர்கள்.

கோயில் மேடைகளில் நிற்கும் நல்லவர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் பலர் நல்லவர்கள் என்பதை அறிவோம், குழித்துறையில் கண்டோம். அடுத்த முறை ஒரு தாய் கண்ணீருடன் உங்களிடம் வரும்போது, துன்பத்தின் பயனை அவளுக்கு விளக்காதீர்கள். யோபுவின் நண்பர்கள் அதைச் செய்து, பட்டபாட்டை நீங்களே படித்திருக்கிறீர்கள். அவள் பக்கத்தில் உட்காருங்கள். பிறகு, அவளைக் கூட்டிக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு வாருங்கள். வாசலில் நாமும் நிற்போம்.